சிவந்து போன சி டிரைவ்

கம்ப்யூட்டரின் சி டிரைவில் இடம் தீர்ந்து, அதைக் காட்டும் கோடு சிவந்துவிட்டது. பார்த்த பக்கங்களிலிருந்து பிரவுசர் சேர்த்து வைக்கும் கேஷை அழித்தும் அந்தக் கோடு அசையவில்லை. பிறகுதான் பிடிபட்டது: பிரவுசரில் வீட்டில் ஆளுக்கொரு புரொஃபைல். ஒவ்வொன்றுக்கும் கேஷ் தனி. என்னுடையதைத் துடைத்தால் பையனுடையது அப்படியேதான் இருக்கும்.

பார்த்த பக்கத்தின் படம், எழுத்துரு, ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் பிரவுசர் எடுத்து வைப்பது, அடுத்த முறை மறுபடி இறக்காமல் சட்டென்று காட்டத்தான். டேட்டாவும் மிச்சம். நல்ல ஏற்பாடு, அடிக்கடி துடைக்கத் தேவையில்லை.

ஒவ்வொரு புரொஃபைலிலும் கண்ட்ரோல், ஷிஃப்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தினேன், அழிப்பதற்கான பெட்டி திறந்தது. அதில் கால அளவை முழுவதும் என்று மாற்றணும். இல்லாவிட்டால் சமீபத்தியது மட்டுமே போகும். லாகினை நினைவில் வைக்கும் குக்கீயின் டிக்கை எடுத்துவிட்டேன். இல்லையென்றால் எல்லாத் தளத்திலும் மறுபடி லாகின், வீட்டில் யார் பேச்சு வாங்குவது?

அப்புறம் விண்டோஸ் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் போய், தற்காலிகக் கோப்புகளையும் அழித்தேன். அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸும் இருக்கும், அதை மட்டும் தொடாதீர்கள், இறக்கி வைத்த கோப்புகள் போய்விடும். கோடு நீலமாகிவிட்டது.