மலைக்கு ஒரு புள்ளி, அடிவாரத்துக்கு ஒரு புள்ளி: பழைய செயின்சாவில் விறகும் பலகையும் அறுக்கப் பழகுவோம்

ஏற்காட்டில் எங்கள் காபித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் வருஷத்துக்கு மூன்று நான்காவது காற்றுமழைக்குச் சாய்ந்துவிடும். ஏறியிருக்கும் மிளகுக்கொடியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும், அதுதான் வயிற்றெரிச்சல். கிளைகள் விறகுக்குப் போகும், அடிமரம் பலகைக்குப் போகும். இரண்டு வேலைக்கும் என்னிடம் இருப்பது ஒரே மெஷின். 61 சிசி, செயின் பிரேக் (மெஷின் துள்ளினால் செயினை நிறுத்துவது) கிடையாது, பாயிண்ட் இக்னிஷன் (இரண்டு உலோக முனை தொட்டு விலகித் தீப்பொறி தரும் பழைய முறை). புதுசு வாங்கச் சொல்லாதவர் இல்லை. ஆனால் இதில் என்னால் கழற்ற முடியாத நட்டு ஒன்றுகூட இல்லை. யெஸ்டி, ராஜ்தூத் பைக் காலத்து மெக்கானிக் யாராவது ஊரில் மிச்சம் இருந்தால் அவருக்கு இதன் மேக்னட்டும் பாயிண்ட்டும் கண்ணை மூடிக்கொண்டு புரியும்.

கையில் பழைய மெஷின் கிடைத்து, எங்கே தொடங்குவதென்று தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டில் மரம் நம் பட்டா நிலத்தில் நின்றாலும் வெட்ட அனுமதி வேண்டும். மலைப்பகுதி மரங்களுக்கென்று 1955லேயே போட்ட சட்டம் இருக்கிறது. வனத்துறையில் கேட்டுக்கொண்டு மெஷினை எடுங்கள். சந்தனம் என்றால் விழுந்து கிடந்தாலும் பக்கத்தில் போகவேண்டாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது

ஸ்டார்ட்டர் கயிற்றைப் பிடித்து மெஷினைத் தரையிலிருந்து தூக்குங்கள். நல்ல கம்ப்ரஷன் இருந்தால் கயிறு விட்டு விட்டு, தயங்கித் தயங்கி இறங்கும். சரசரவென்று இறங்கினால் பிஸ்டனோ ரிங்கோ போயிருக்கிறது. அடுத்து சைலன்சரைக் கழற்றி, எக்ஸாஸ்ட் ஓட்டை வழியாக டார்ச் அடித்து பிஸ்டனைப் பாருங்கள். வழவழப்பாக இருக்க வேண்டும். மேலும் கீழுமாகக் கோடு கோடாக உரசியிருந்தால் விலை பேசாமல் நடையைக் கட்டுங்கள். பெயின்ட் உரிந்திருக்கிறதா, கவர் உடைந்திருக்கிறதா என்பதெல்லாம் பெரிய விஷயமே இல்லை.

பலகை அறுக்கிறேன் என்று 100 சிசிக்கு மேற்பட்ட ஸ்டில் (Stihl) கம்பெனியின் 070 மாடல் தேடுகிறவர்கள் உண்டு. நல்ல மெஷின்தான். ஆனால் அதே அச்சில் செய்த நகல்கள் ஊரெல்லாம் சுற்றுகின்றன, அதனால் ஒவ்வொரு பாகத்திலும் உள்ள எழுத்தைப் படித்துப் பாருங்கள். கனமும் அதிகம். தொடக்கத்திலேயே அதை எடுத்தால் சாயங்காலம் டம்ளரைப் பிடிக்கக் கை நடுங்கும்.

பெட்ரோல், ஆயில்

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் டியூபையும் கார்புரேட்டர் டயாபிரத்தையும் (உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு) அது விறைக்க வைக்கும், ஊற வைக்கும். ஆகவே மெஷின் கைக்கு வந்ததும் முதல் செலவு, பெட்ரோல் டியூபையும் டாங்குக்குள் இருக்கும் ஃபில்டரையும் டயாபிரம் செட்டையும் மாற்றுவது. இதைத் தள்ளிப்போட்டுவிட்டு 'ஸ்டார்ட் ஆகவில்லை' என்று கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலி வாங்கியவர்கள் அதிகம்.

காற்றில் குளிரும் இன்ஜினுக்கான நல்ல 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி கலக்க வேண்டும். அதாவது 25க்கு 1. பழைய இன்ஜினுக்குக் கொஞ்சம் புகை வந்தாலும் இந்தக் கணக்குதான் பாதுகாப்பு. ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள். செயினுக்குப் போகும் ஆயில் தனி. வண்டியிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலை அதில் ஊற்றுவது இங்கே வழக்கம். அதில் இருக்கும் உலோகத் துகள் பம்பையும் பாரையும் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) தின்றுவிடும். செயின் ஆயில் கிடைக்காவிட்டால் புதிய 40 நம்பர் இன்ஜின் ஆயில் போதும்.

திருகாணி

இந்தப் பதிவையே நான் இதற்காகத்தான் எழுத ஆரம்பித்தேன்.

சேலம் கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டர் வாக்கில் இருக்கிறது, ஏற்காடு 1500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் காற்றின் அடர்த்தி சுமார் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. கார்புரேட்டருக்கு இது தெரியாது, அது பழையபடியே பெட்ரோல் விடும். சேலத்தில் சரிபார்த்துக் கொண்டுவந்த மெஷின் மேலே புகையும், இழுக்காது, பிளக் கறுத்து நனையும். இதனால் மெஷினுக்கு ஆபத்தில்லை, நமக்குத்தான் எரிச்சல்.

ஆபத்து இறங்கும்போது. சில வருஷங்களுக்கு முன் அடிவாரத்தில் உறவினர் வீட்டுப் புளியமரம் ஒன்று சாய்ந்தது. சித்திரை வெயில். மேலே கச்சிதமாகச் செட் செய்திருந்த மெஷினை அப்படியே கொண்டுபோய்ப் புளியங்கட்டையில் வைத்தேன். பத்து நிமிஷம் வீறிட்டுக்கொண்டு அருமையாக ஓடியது. அந்தச் சத்தத்தைத்தான் நான் நல்ல சத்தமென்று நினைத்தேன். பிறகு நின்றது, கயிறு அசையவில்லை. சேலத்து மெக்கானிக் சிலிண்டரைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"மேல செட் பண்ணினதை அப்படியே கீழ ஓட்டினீங்களா?"

"ஆமாங்கண்ணா."

"கீழ காத்து கெட்டிங்க. பெட்ரோல் பத்தலைன்னா ஆயிலும் பத்தாது. அப்புறம் பிஸ்டன் எப்படிப் பிழைக்கும்?"

டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் தனியாக வருவதில்லை, பெட்ரோலோடுதான் வருகிறது. அது எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை.

இனிச் செய்முறை. கார்புரேட்டரில் எல் (குறைந்த வேகத்துக்கு), எச் (முழு வேகத்துக்கு) என்று இரண்டு ஊசித் திருகாணி இருக்கும். இரண்டையும் மெதுவாக, அழுத்தாமல், உள்ளே போகும்வரை திருகுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் ஒரு முழுச் சுற்று வெளியே எடுங்கள். பெரும்பாலான மெஷின் இதில் ஸ்டார்ட் ஆகும். ஏர் ஃபில்டர் சுத்தமாக, செயின் கூராக இருக்கட்டும். மூன்று நிமிஷம் ஓட்டிச் சூடாக்குங்கள். எல் திருகாணியை இப்படியும் அப்படியும் திருப்பி, இன்ஜின் எங்கே வேகமாக ஓடுகிறதோ அங்கிருந்து அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு) சுற்று வெளியே வையுங்கள். ஐடில் திருகாணியில் வேகத்தைக் குறைத்து, செயின் அசையாமல் நிற்கும்படி செய்யுங்கள். ஐடிலில் செயின் சுற்றினால் வேலையைத் தொடங்கக்கூடாது.

எச் திருகாணிக்குக் காதுதான் மீட்டர். மரத்தில் வைக்காமல் இரண்டு விநாடி முழு ரேஸ் கொடுங்கள். 'வீஈஈ' என்று சுத்தமாகக் கீச்சிட்டால் பெட்ரோல் குறைவு, உடனே திருகாணியைக் கொஞ்சம் வெளியே எடுங்கள். கீச்சோடு லேசாக 'பட பட' என்று தடுமாறினால் சரி. அதே தடுமாற்றம் மரத்தில் வைத்ததும் மறைய வேண்டும். மறையாவிட்டால் கொஞ்சம் உள்ளே. அரை மணி நேரம் அறுத்தபின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வறுத்த காபிக்கொட்டை நிறம் நல்லது. வெளுத்திருந்தால் நிறுத்துங்கள்.

என் மெஷினில் எச் திருகாணிக்கு இரண்டு புள்ளி வைத்திருக்கிறேன், வீட்டில் இருந்த நகப்பாலிஷால். சிவப்பு மலைக்கு, வெள்ளை சேலத்துக்கு. இரண்டுக்கும் நடுவே அரைக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் அதிகம். உங்கள் மெஷினுக்கு நீங்களே காதால் கண்டுபிடியுங்கள். கீழே இறங்கும் நாளில் வண்டியில் ஏற்றும் முன்பே திருப்பிவிடுவேன்.

பாயிண்ட் மெஷின் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்தால் கார்புரேட்டரை நோண்டுவதற்கு முன் பாயிண்ட்டைப் பாருங்கள். மழைக்காலத்தில் அதில் பூஞ்சை மாதிரி ஒரு படலம் பிடிக்கும். கல்யாணப் பத்திரிகை அட்டையைக் கிழித்து நடுவில் விட்டு இரண்டு முறை இழுத்தாலே சரியாகிவிடும். பாயிண்ட் இடைவெளி பெரும்பாலும் 0.35 முதல் 0.4 மி.மீ., பிளக் இடைவெளி 0.5 மி.மீ.

அரம் போடுவது

அறுக்கும்போது சீவல் சீவலாக விழுந்தால் செயின் கூர். மாவாக விழுந்தால் மொக்கை. நாம் அழுத்த வேண்டி வந்தாலும் மொக்கைதான். 3/8 அங்குல அளவுச் செயினுக்கு 5.5 மி.மீ. வட்ட அரம். பல்லின் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, தள்ளும்போது மட்டும் அழுத்தம், திரும்பும்போது தூக்கிவிட வேண்டும். விறகுக்கு 30 டிகிரி சாய்வு. எல்லாப் பல்லும் ஒரே நீளம் இருக்கவேண்டும் என்பதால், இருப்பதிலேயே குட்டையான பல்லைத் தேடி மற்றவற்றை அதற்குச் சமமாக்குங்கள். இல்லையென்றால் வெட்டு ஒரு பக்கமாக வளைந்து போகும். நாலைந்து முறை அரம் போட்டபின், பல்லுக்கு முன்னால் இருக்கும் மேட்டைத் தட்டை அரத்தால் தேயுங்கள். பல் நுனியைவிட 0.65 மி.மீ. தாழ்ந்திருந்தால் போதும். அதற்குமேல் தேய்த்தால் மெஷின் மரத்தைக் கடித்து உதறும்.

இந்தப் பல்லின் வடிவம் வண்டிடமிருந்து வந்தது. 1946ல் ஜோ காக்ஸ் என்ற அமெரிக்க மரவெட்டி, மரத்தைக் குடையும் ஒரு வண்டுப் புழு இடமும் வலமுமாகச் சீவுவதைப் பார்த்து இந்தச் செயினை வடிவமைத்தார். அரம் போட உட்காரும்போதெல்லாம் எனக்கு அந்தப் புழு ஞாபகம்தான்.

விறகு

லுங்கியும் ரப்பர் செருப்புமாக வேண்டாம். தடித்த பேன்ட், பூட்ஸ், கண்ணாடி, காது மூடி. மெஷினைத் தரையில் வைத்து, பின்கைப்பிடிக்குள் வலது பூட்ஸ் நுனியை அழுத்தி, கயிற்றை இழுங்கள். சோக் போட்டு ஒருமுறை 'டொப்' என்றதும் சோக்கை எடுத்துவிட்டு மறுபடி இழுக்க வேண்டும்.

பிரேக் இல்லாத மெஷினில் நினைவில் வைக்க வேண்டிய இடம் பாரின் மூக்கு, அதிலும் மேல் பாதி. அது எதிலாவது இடித்தால் மெஷின் முகத்தை நோக்கித் துள்ளும், கண் இமைக்கும் நேரம்கூடக் கிடைக்காது. இடது கட்டைவிரல் கைப்பிடியைச் சுற்றியே இருக்கட்டும். தலை பாருக்கு நேர்கோட்டில் வேண்டாம், கொஞ்சம் இடப்பக்கம் நில்லுங்கள். தோளுக்கு மேலே தூக்கி அறுக்காதீர்கள்.

இரண்டு முனையும் தாங்கி, நடு அந்தரத்தில் நிற்கும் கட்டையை மேலிருந்து முழுக்க அறுத்தால் பார் சிக்கிக்கொள்ளும். மேலே மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் கீழிருந்து. சரிவில் எப்போதும் மேட்டுப் பக்கம் நில்லுங்கள். வேலியோர மரமென்றால் பட்டைக்குள் முள்கம்பி இருக்கலாம், ஒரு சுற்று தடவிப் பார்த்துவிடுங்கள். ஒன்றேகால் அடித் துண்டு வெந்நீர் அடுப்புக்குச் சரியாக இருக்கும். பிடுங்கிப்போட்ட கிழட்டுக் காபிச் செடியின் அடிக்கட்டை கிடைத்தால் விடாதீர்கள், அது நின்று எரியும்.

பலகை

அலாஸ்கன் மில் என்பது பாரில் மாட்டும் ஒரு இரும்புச் சட்டம், வெல்டிங் பட்டறையில் அளவு சொல்லியும் செய்துகொள்ளலாம். மரம் உருண்டையாக இருப்பதால் முதல் வெட்டுக்கு மேலே ஒரு அலுமினிய ஏணியைத் திருகி, அதன்மேல் சட்டத்தை ஓட்ட வேண்டும். இரண்டாவது வெட்டிலிருந்து, அறுத்த சமதளமே தண்டவாளம். செயினுக்கு இங்கே 30 டிகிரி உதவாது, 10 டிகிரியில் அரம் போட்ட தனிச் செயின் வைத்துக்கொள்ளுங்கள். என் 61 சிசி ஒரு அடி அகலத்துக்கு மேல் திணறுகிறது.

கட்டையைச் சரிவின் போக்கில் கிடத்தி, உருளாமல் இருபக்கமும் ஆப்பு கொடுத்து, மேலிருந்து கீழாக அறுங்கள். மெஷின் தன் கனத்திலேயே நகரும், முதுகு பிழைக்கும். அறுத்த பிளவில் ஒன்றரை அடிக்கொரு மர ஆப்பு வையுங்கள். முழு ரேஸில் நிமிஷக்கணக்கில் ஓடுவதால் எச் திருகாணி இன்னும் அரைக்கால் சுற்று வெளியே இருக்கட்டும். ஒவ்வொரு வெட்டு முடிந்ததும் ஒரு நிமிஷம் ஐடிலில் விட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

செயின் தின்னும் பிளவு சுமார் 8 மி.மீ. ஓர் அங்குலப் பலகை அறுத்தால் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மரம் தூளாகப் போகிறது. அதனால் நான் இரண்டரை அங்குலத்துக்குக் குறைவாக அறுப்பதில்லை. மெல்லிய பலகை வேண்டுமென்றால் அதைக் கீழே அறுவை மில்லுக்குக் கொண்டுபோங்கள், அவர்களுடைய பேண்ட் சா இரண்டு மி.மீ.தான் தின்னும்.

சில்வர் ஓக் தூள் சிலருக்குத் தோலில் கடுமையான அரிப்பு தரும். முழுக்கைச் சட்டை, மாஸ்க் போடுங்கள். அறுத்த அன்றே பலகையின் இரு முனைக்கும் பழைய பெயின்ட் அடித்துவிடுங்கள், இல்லையென்றால் வெடிக்கும். ஓரங்குலக் குச்சிகளை இடையில் வைத்து, கூரைக்கடியில், காற்று புகும்படி அடுக்கி மேலே கல் ஏற்றுங்கள். அங்குலத்துக்கு ஒரு வருஷம் என்பது பொதுக்கணக்கு. நம் மூடுபனிக்கு இன்னும் இழுக்கும்.

எடுத்து வைக்கும்போது

ஏர் ஃபில்டரைத் தட்டி, பாரின் பள்ளத்தில் அடைத்த தூளை மெல்லிய தகட்டால் சுரண்டி, பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுங்கள், இரண்டு பக்கமும் சமமாகத் தேயும். சிலிண்டர் இறக்கைகளுக்குள் அடைத்த தூளையும் எடுங்கள். பிறகு டாங்கைக் காலி செய்து, மெஷின் தானாக நிற்கும்வரை ஓட்டுங்கள். எத்தனால் பெட்ரோல் கார்புரேட்டரில் தங்கக்கூடாது. வடித்த கலவையைக் கீழே கொட்டவேண்டாம். எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் இன்னும் டூ ஸ்ட்ரோக் டிவிஎஸ் 50தான் ஓட்டுகிறார். நான் மெஷினை நிறுத்தும் சத்தம் கேட்டாலே கேனோடு வந்துவிடுவார்.