காட்டுத்தீப் புகை எங்கே போகிறது? செயற்கைக்கோள் படத்தில் பின்தொடர்வது எப்படி

எங்கோ காடு எரிகிறது, அந்தப் புகை எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்க பிரவுசரும் கொஞ்சம் பொறுமையும் போதும். நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்தைத் திறந்துகொள்ளுங்கள். இலவசம்தான், பதிவு செய்யவும் தேவையில்லை.

திறந்ததும் புகையைத் தேடாதீர்கள், முதலில் நெருப்பைத் தேடுங்கள். லேயர் (படத்தின் மேல் போடும் தகவல் அடுக்கு) பட்டியலில் ‘ஃபயர்ஸ் அண்ட் தெர்மல் அனாமலிஸ்’ என்று இருப்பதைச் சேர்த்தால், வெப்பம் பதிவான இடமெல்லாம் சிவப்புப் புள்ளிகளாக வரும். இதைப் பதிவு செய்பவை செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ், விர்ஸ் என்ற இரண்டு கருவிகள். மோடிஸின் புள்ளி 1 கி.மீ. அளவு, விர்ஸினுடையது 375 மீட்டர். விர்ஸில் இடம் இன்னும் துல்லியமாகத் தெரியும், அதனால் விர்ஸ் போடுங்கள். எரிமலை, எண்ணெய்க் கிணற்றுச் சுடர், வயலில் கொளுத்திய பயிர்த்தாள் எல்லாமே கூடப் புள்ளியாக வரலாம். புள்ளிகள் கும்பலாக இருந்து, அங்கிருந்து ஒரு வால் கிளம்பி காற்றுப் போகும் பக்கம் அகன்றுகொண்டே போனால், நாம் தேடும் புகை அதுதான்.

அடுத்த தலைவலி, மேகமா புகையா என்பது. மேகம் பளிச்சென்று வெள்ளையாக, நிழலோடு இருக்கும். புகை சாம்பல்நீலமாகவோ பழுப்பாகவோ, ஓரம் தெளிவில்லாமல், அடியில் தரை மங்கலாகத் தெரியும்படி இருக்கும். சந்தேகம் தீரவில்லையா, மோடிஸ் லேயரில் 7-2-1 என்ற பட்டைச் சேர்க்கைக்கு (கருவி பதிவு செய்யும் ஒளி அலைநீளங்களில் மூன்றைச் சேர்த்த படம்) மாற்றிப் பாருங்கள். இதில் உள்ள 7-ஆம் பட்டை சுமார் 2.1 மைக்ரான் அகச்சிவப்பு. புகைத்துகள்கள் அதைவிட மிகச் சிறியவை என்பதால் அந்த ஒளி அவற்றைத் தாண்டிப் போய்விடும். மேகம் அப்படியே நிற்கும், புகை பெரும்பாலும் கரைந்து மெல்லிய நீலப் படலமாகிவிடும். என்னைக் கேட்டால் இந்த ஒரு சோதனை மற்ற எல்லாவற்றையும்விட மேல்.

மோடிஸ், விர்ஸ் கருவிகளைச் சுமக்கும் செயற்கைக்கோள் ஒவ்வொன்றும் பகலில் ஓர் இடத்தை ஏறக்குறைய ஒருமுறைதான் கடக்கும். நகர்வைப் பார்க்க வேண்டும் என்றால் பூமியின் ஒரே பக்கத்தை எப்போதும் பார்த்தபடி நிற்கும் புவிநிலைச் செயற்கைக்கோள்தான் சரி: அமெரிக்கக் கண்டங்களுக்கு கோஸ், ஆசியாவின் கிழக்கிலும் ஆஸ்திரேலியாவிலும் ஹிமாவாரி, இரண்டும் தங்களுக்குத் தெரியும் பூமிப் பக்கம் முழுவதையும் 10 நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்கின்றன. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்லைடர் தளத்தில் இவற்றை வீடியோ போல ஓடவிடலாம். ஒன்று மட்டும் கவனம்: சூரியன் தாழ்வாக இருக்கும் காலையிலும் மாலையிலும் புகை ஒளிர்ந்து தெரியும், உச்சி வெயிலில் அதே புகை இளைத்துப்போன மாதிரி இருக்கும். கலைந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள், அது ஒளி விழும் கோணம் செய்யும் வேலை.

இரண்டு மூன்று நாள் பயணம் செய்த புகை கண்ணுக்கே சரியாகப் பிடிபடாது. அப்போது காற்றில் மிதக்கும் துகள்களைக் காட்டும் ஏரோசால் இண்டெக்ஸ் லேயரைப் போடுங்கள். புற ஊதாக் கதிரை வைத்துக் கணிப்பதால், மேகத்துக்கு மேலே போகும் புகையைக்கூடக் காட்டும். துகள்கள் ஒளியை எவ்வளவு மறைக்கின்றன என்று அளக்கும் ஏரோசால் ஆப்டிகல் டெப்த் லேயரும் உதவும், ஆனால் மேகம் உள்ள இடத்தில் அது காலியாக இருக்கும், மிக அடர்ந்த புகையை மேகம் என்று நினைத்து ஒதுக்கிவிடுவதும் உண்டு. அதாவது புகை மிக மோசமாக இருக்கும் இடத்திலேயே ஓட்டை விழலாம், எரிச்சலான விஷயம். ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-5பி தரும் கார்பன் மோனாக்சைடு படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் நல்லது, அந்த வாயு காற்றில் வாரக்கணக்கில் தங்கும்.

பழகிப் பார்க்க தேதியை 2023 ஜூன் முதல் வாரத்துக்குத் திருப்புங்கள். கனடாவின் கியூபெக்கில் புள்ளிகள் பெருகுவதும், ஜூன் 6, 7 தேதிகளில் புகை நியூயார்க் மேலே வந்து இறங்குவதும் ஒவ்வொரு நாளாக நகர்த்தினால் தெரியும்.

இவ்வளவும் பார்த்த பிறகும், புகை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை இந்தப் படங்கள் சொல்லாது. மேலிருந்து பார்க்கும் கருவிக்கு 5 கி.மீ. உயரத்துப் புகையும் தரையோடு ஒட்டிய புகையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வெளியே போகலாமா என்று முடிவு செய்ய தரையில் உள்ள அளவீட்டு நிலையத்தின் பிஎம் 2.5 (காற்றில் உள்ள நுண்துகள் அளவு) எண்ணைப் பாருங்கள், படத்தை நம்பாதீர்கள். அப்புறம், புகை எங்கிருந்து வந்தது என்று உறுதி செய்ய அமெரிக்க வானிலை, கடல் ஆய்வு அமைப்பான நோவாவின் ஹைஸ்பிளிட் என்ற கணினி மாதிரியில், காற்று வந்த வழியைக் காட்டும் பின்னோக்கிய பாதையை 500, 1500, 3000 மீட்டர் என்று மூன்று உயரங்களுக்கு ஓட்டுங்கள். மூன்றும் மூன்று திசைக்குப் போனால், எந்தக் கோடு சிவப்புப் புள்ளிக் கும்பலைத் தொட்டுக்கொண்டு வருகிறதோ அதிலிருந்து தேடத் தொடங்குங்கள்.