பாட்டிலில் வளரும் பச்சைத் தண்ணீர்: பவளத் தொட்டிக்கு உயிருள்ள ஃபைட்டோ கொடுப்பது எப்படி?

"ஃபைட்டோ ஊற்றினால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இறங்குமா?" பவளத் தொட்டி வைக்கத் தொடங்கியவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது. இறங்கும், சில சமயம் ஏறவும் செய்யும். எந்தப் பாட்டிலை எத்தனையாவது நாளில் எவ்வளவு ஊற்றுகிறோம், ஊற்றியதைத் தின்பதற்குத் தொட்டியில் யார் இருக்கிறார்கள் என்பதையெல்லாம் பொறுத்தது அது. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் வீட்டில் தயிர் உறை ஊற்றுகிற அளவு வேலைதான்.

ஃபைட்டோ, அதாவது ஃபைட்டோபிளாங்க்டன் என்பது கடல்நீரில் மிதந்து வாழும், கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பாசி. வளர்வதற்குத் தண்ணீரில் கரைந்திருக்கும் நைட்ரேட், அம்மோனியா, பாஸ்பேட் ஆகியவற்றை உறிஞ்சித் தன் உடம்பாக மாற்றிக்கொள்ளும். ஆல்ஃபிரெட் ரெட்ஃபீல்ட் 1934இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த ஒரு விகிதம் இங்கே உதவும்: கடல் மிதவை உயிர்களின் உடம்பில் சராசரியாக 106 கார்பன் அணுக்களுக்கு 16 நைட்ரஜன், 1 பாஸ்பரஸ் இருக்கும். நம் டெஸ்ட் கிட் காட்டும் எடைக் கணக்குக்கு மாற்றினால், 1 பங்கு பாஸ்பேட்டை எடுக்கும்போது சுமார் 10 பங்கு நைட்ரேட்டையும் பாசி எடுக்கிறது.

எடுத்தது எங்கே போகிறது? கோபிபாட் (இறால் இனத்தைச் சேர்ந்த மிகச் சிறிய உயிர்), குழாய்ப்புழு, கடற்பஞ்சு, சிப்பி போன்றவை தின்றால் அவற்றின் உடம்பில் சேரும். ஸ்கிம்மர் (நுரையால் கழிவைப் பிரிக்கும் கருவி) பிடித்தால் அந்தப் பங்கு அதன் கோப்பையோடு வெளியேறும். யாரும் தின்னாமல் செத்துப்போனால், எடுத்த அத்தனையும் மறுபடி தண்ணீருக்கே வந்துவிடும். ஆகவே, தின்ன ஆளில்லாத புதுத் தொட்டியில் ஃபைட்டோ ஊற்றுவதில் அர்த்தமில்லை. முதலில் லைவ் ராக்கில் (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடல் கல்) கோபிபாட் பெருகட்டும். இரவில் டார்ச் அடித்தால் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள் ஓடுவது தெரியும். அதுதான் தொடங்குவதற்கான அடையாளம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கல் பவளங்களில் பெரும்பாலானவை பாசியைவிட விலங்கு மிதவைகளைத்தான் விரும்பித் தின்னும். மென்பவளங்களில் சில விதிவிலக்குகள் உண்டு; செங்கடலின் டெண்ட்ரோநெஃப்தியா ஃபைட்டோவைத் தின்று வாழ்வதை 1995இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம் தொட்டிகளில் பவளத்துக்குக் கிடைக்கும் பலன் பெரும்பாலும் சுற்றிவளைத்து வருவது: பாசியைக் கோபிபாட் தின்னும், கோபிபாட்டின் குஞ்சுகளைப் பவளம் பிடிக்கும்.

எந்தப் பாசி?

முதல் முறை என்றால் நானோகுளோராப்சிஸ். செல் 2 முதல் 4 மைக்ரான்தான், ஆனால் முரட்டு ஜாதி. ஓரளவு சூட்டையும் நம் சின்னச் சின்னத் தவறுகளையும் தாங்கும். ஈபிஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு இதில் நிறைய. கை பழகிய பிறகு டெட்ராசெல்மிஸ், ஐசோகிரைசிஸ் என்று போகலாம். மரக்காணம் பக்கத்து இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் கீட்டோசெரஸ் என்ற டயாட்டம் (சிலிக்கா ஓடுள்ள பாசி வகை) வளர்ப்பார்கள். அங்கிருந்து யாராவது பாசி தருவதாகச் சொன்னால் என்ன இனம் என்று கேட்டு வாங்குங்கள். டயாட்டத்துக்குச் சிலிகேட் தனியாகச் சேர்க்க வேண்டும், ஆரம்பத்தில் அந்தச் சிரமம் வேண்டாம்.

தேவையானவை

2 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் இரண்டு, சின்ன ஏர் பம்ப், வளையாத ஏர் குழாய், நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீர் குழாயில் திரும்பி வராமல் தடுப்பது), 6500கே வெள்ளை எல்இடி பல்பு ஒன்று, டைமர், எஃப்/2 என்ற பாசி வளர்ப்பு உரம், உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர், உயிருள்ள பாசி அரை லிட்டர். ஏர் ஸ்டோன் வேண்டாம். அதன் பொடிக் குமிழிகள் நுரை கட்டும், கல்லுக்குள் அழுக்கும் தங்கும்.

பாசி வாங்கும்போது "உயிருள்ளது" என்று லேபிளில் இருந்தால் மட்டும் போதாது. மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். கடற்கரை வாசமோ புல் வாசமோ வந்தால் சரி. அழுகிய முட்டை நாற்றம் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

படி 1: தண்ணீர்

ஆர்ஓ-டிஐ தண்ணீரில் (தாது உப்பு முழுவதும் நீக்கியது) தொட்டி உப்பைக் கலந்து ஒப்படர்த்தியை 1.020 முதல் 1.025க்குள் வையுங்கள். சமையலறை ஆர்ஓ இதற்குப் போதாது. குடிப்பதற்கென்று தாது உப்புகளை விட்டுவைத்த, சில சமயம் திரும்பச் சேர்த்த தண்ணீர் அது. டிடிஎஸ் மீட்டர் 0 காட்டாது.

பிறகு கிருமி நீக்கம். வீட்டு பிளீச் திரவம், வாசனையோ சோப்போ கலக்காதது, லிட்டருக்கு 1 மி.லி. விட்டு ஒரு இரவு மூடி வைக்கலாம். காலையில் குளோரின் நீக்கும் மருந்து (சோடியம் தயோசல்பேட்) விட்டு, குளோரின் டெஸ்ட் ஸ்ட்ரிப் வைத்து மிச்சமில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பாட்டிலும் குழாயும் இதே பிளீச் தண்ணீரில் ஊறி, நன்றாக அலசிக் காய்ந்திருக்க வேண்டும்.

படி 2: உறை ஊற்றுவது

பாட்டிலில் ஒன்றேகால் லிட்டர் உப்புத் தண்ணீர், அதில் லேபிளில் சொன்ன அளவு எஃப்/2 உரம், அதன்மேல் அரை லிட்டர் பாசி. உறை குறைந்தால் தயிர் சரியாக உறையாத மாதிரி இங்கேயும் ஆகும்: பாசி குறைவாக இருந்தால் அது பெருகுவதற்குள் வேறு கிருமிகள் இடம் பிடித்துவிடும். மொத்தத்தில் கால் பங்குக்குக் குறையாமல் ஊற்றுங்கள்.

முழு அளவு எஃப்/2 கலந்த தண்ணீரில் நைட்ரேட் சுமார் 55 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்), பாஸ்பேட் 3.4 பிபிஎம் இருக்கும். இந்த எண்களை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

படி 3: ஒளியும் காற்றும்

பல்பைப் பாட்டிலிலிருந்து 15 செ.மீ. தள்ளி வைத்து, டைமரில் 16 மணி நேரம் எரிய விடுங்கள். குழாய் பாட்டிலின் அடி வரை போக வேண்டும். குமிழிகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிகிற வேகம் போதும். செல்கள் அடியில் படியாமல் புரட்டுவது அதன் முதல் வேலை, கூடவே கரியமில வாயுவும் கிடைக்கும். பம்ப்பைப் பாட்டிலைவிட உயரத்தில் வையுங்கள், கரண்ட் போனால் தண்ணீர் பம்புக்குள் ஏறாது. மூடியை இறுக்காமல் காற்று வெளியேற வழி விடுங்கள்.

சென்னை மாதிரி ஊரில் ஏப்ரல், மே மாதங்கள்தான் சோதனை. 30 டிகிரியைத் தாண்டினால் பாசி சோர்ந்துவிடும். நான் செய்வது இதுதான்: பாட்டிலை ஒரு வாளித் தண்ணீருக்குள் நிறுத்திவிட்டு, டைமரை மாலை 5க்குத் தொடங்கிக் காலை 9க்கு அணையும்படி மாற்றிவிடுவேன். பகல் சூட்டோடு பல்பு சூடு சேராமல் இருப்பதே பெரிய உதவி.

படி 4: காத்திருப்பது

முதல் நாள் பச்சைப்பயறு ஊறிய தண்ணீர் மாதிரி இருக்கும். 8 முதல் 10 நாட்களில் முருங்கைக்கீரைச் சாறு போல அடர்ந்துவிடும்; பாட்டிலுக்குப் பின்னால் விரலை வைத்தால் நிழல்கூடத் தெரியாது. நிறம் இரண்டு நாட்களாக மாறாமல் நின்றால் உரம் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதுதான் அறுவடை நாள்.

இந்தப் பொறுமை ஏன் என்றால், நானே கெடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. என் 120 லிட்டர் தொட்டிக்கு மூன்றே நாள் வளர்ந்த இளம்பச்சைத் தண்ணீரைத் தினமும் 200 மி.லி. ஊற்றினேன், ஒரு மாதம். பாஸ்பேட் 0.06லிருந்து 0.2க்கு ஏறியது. பாசி பாஸ்பேட்டைத் தின்னும் என்று நம்பி, காரணத்தை மீன் தீவனத்தில் தேடிக்கொண்டிருந்தேன். பிறகுதான் கணக்குப் போட்டேன். 3.4 பிபிஎம் தண்ணீர் 200 மி.லி., 120 லிட்டரில் கலந்தால் ஒரு தடவைக்கு 0.0057. முப்பது நாளுக்கு 0.17. ஏறியதற்கு ஏறக்குறைய முழுக் கணக்கும் அங்கேயே இருந்தது.

இதில் இன்னும் ஆழமான ஒன்றும் இருக்கிறது. பாட்டிலில் உரம் முழுவதும் தீர்ந்து, பாசி உடம்புக்குள் போயிருந்தாலும், அந்த நைட்ரஜனும் பாஸ்பரசும் பாசியோடு சேர்ந்து தொட்டிக்குள்தான் வருகின்றன. உரத்தில் வளர்த்த ஃபைட்டோ எப்போதுமே ஒரு தீவனம். தொட்டிக்குள் வந்தபின் அது உயிரோடு வளர்ந்து, அங்கே கரைந்திருப்பதை உறிஞ்சி, தின்னப்பட்டோ ஸ்கிம்மரில் மாட்டியோ போனால் மட்டுமே கணக்கு நமக்குச் சாதகமாகும். செத்த பாசியை ஊற்றினால் இந்த உறிஞ்சும் வேலை நடக்கவே நடக்காது.

படி 5: அறுவடை

பாட்டிலில் முக்கால் பங்கை எடுத்துச் சுத்தமான பாட்டிலில் ஊற்றி, 4 டிகிரி அளவில் ஃபிரிட்ஜில் வையுங்கள். மிச்சமுள்ள கால் பங்கு அடுத்த உறை. அதில் புதுத் தண்ணீரும் உரமும் சேர்த்து மறுபடி தொடங்கலாம். ஃபிரிட்ஜ் பாட்டிலைத் தினமும் ஒரு முறை மெதுவாகக் குலுக்குங்கள், இரண்டு மூன்று வாரத்தில் தீர்த்துவிடுங்கள். இரண்டாவது பாட்டிலை ஒரு வாரம் தள்ளித் தொடங்கினால், ஒன்று கெட்டாலும் மற்றது கையில் இருக்கும். வீட்டில் மற்றவர்களுக்குத் தெரியும்படி பாட்டிலில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். பார்க்க அப்படியே கீரை ஜூஸ் போலத்தான் இருக்கும், குழந்தைகள் இருக்கும் வீடென்றால் கட்டாயம்.

படி 6: தொட்டிக்குக் கொடுப்பது

10 லிட்டர் தொட்டித் தண்ணீருக்கு 1 மி.லி., தினமும். என் தொட்டிக்கு 12 மி.லி. பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி தோன்றும், ஆனால் இரண்டு வாரம் இதைத் தாண்ட வேண்டாம்.

விளக்கு அணைந்த பிறகு ஊற்றுங்கள். கோபிபாட்கள் அப்போதுதான் வெளியே வரும். ஊற்றுமுன் ஸ்கிம்மரையும் கிருமி கொல்லும் யூவி விளக்கையும் நிறுத்தி, ஓட்டம் தரும் பம்புகளை ஓடவிட்டு, ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து மறுபடி போடுங்கள். ஸ்கிம்மரை இரவு முழுக்க நிறுத்திவிடாதீர்கள். இருட்டில் பாசியும் ஆக்சிஜனைத்தான் எடுக்கும், பிஎச் இறங்கும். ஸ்கிம்மர் தரும் காற்றும் இல்லையென்றால் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்துகொண்டிருக்கும்.

படி 7: அளப்பது

தொடங்குவதற்கு முந்தைய நாள் நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் அளந்து நோட்டில் எழுதுங்கள். பிறகு வாரம் ஒரு முறை, அதே கிழமை, அதே நேரம். நான் வைத்துக்கொள்ளும் எல்லை: நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம்.

இரண்டும் ஏறினால் ஃபைட்டோவைப் பாதியாக்கி, மீன் தீவனத்தையும் பாருங்கள். எல்லைக்குள் நின்று, கண்ணாடியில் கோபிபாட் கூடியிருந்தால் 10 லிட்டருக்கு 2 மி.லி. வரை போகலாம். இரண்டில் ஒன்று 0க்கு வந்துவிட்டால் மகிழ வேண்டாம். பட்டினி கிடக்கும் தொட்டியில்தான் டைனோஃபிளாஜெல்லேட் என்ற பழுப்பு வழவழப்பு எளிதில் பிடிக்கும், பவளமும் வெளிறும். நைட்ரேட் 0 ஆகிவிட்டால் பாசியாலும் பாஸ்பேட்டை எடுக்க முடியாது. மேலே சொன்ன பத்துக்கு ஒன்று கணக்கு அங்கே வந்து நிற்கும். அப்போது மீனுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தீவனம் கொடுத்து நைட்ரேட்டை ஏற்றுவது ஒரு வழி.

இந்த முதல் இரண்டு மாதங்களில் ஜிஎஃப்ஓ (பாஸ்பேட்டைப் பிடிக்கும் இரும்பு ஆக்சைடு துகள்), வோட்கா (நைட்ரேட்டைத் தின்னும் பாக்டீரியாவை வளர்க்க ஊற்றுவது), புது உப்பு என்று வேறு எதையும் மாற்றாதீர்கள். எண் நகர்ந்தால் எதனால் என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

பாட்டில் கெட்டால்

பச்சை திடீரென்று மஞ்சளாகி, அடியில் வண்டல் கட்டி, மேலே தெளிந்துவிட்டால் பாசி வளர்ப்பு சரிந்துவிட்டது என்று பொருள். முழுவதையும் கொட்டிவிட்டு, ஃபிரிட்ஜில் இருக்கும் பாட்டிலிலிருந்து உறை எடுத்துத் தொடங்குங்கள். பெரும்பாலும் சிலியேட்டோ ரோட்டிஃபரோ (பாசி தின்னும் நுண்ணுயிர்கள்) உள்ளே புகுந்து பாசியை மேய்ந்திருக்கும். அவை வருவது நம் கையால்தான். எனவே ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் ஃபைட்டோ பாட்டில் வேலை, அடுத்தது கோபிபாட் தனியாக வளர்த்தால் அந்த ஜாடி, கடைசியில் தொட்டி. தொட்டியில் நனைந்த கையோடு ஃபைட்டோ பாட்டிலைத் திறக்கவே கூடாது.

கை நன்றாகப் பழகிய பிறகு ஒன்று செய்து பாருங்கள். தண்ணீர் மாற்றும்போது எடுக்கும் பழைய தொட்டித் தண்ணீரைக் கொட்டாமல், படி 1இல் சொன்னபடி பிளீச் செய்து, குளோரின் நீக்கி, அதிலேயே பாசி வளர்க்கலாம். நைட்ரேட் 20 பிபிஎம் இருக்கும் தண்ணீர் என்றால் உரம் பாதி போட்டாலே நன்றாகப் பச்சை பிடிக்கிறது. தொட்டியின் கழிவே பாசியாகி, பாசி கோபிபாட் ஆகி, பவளத்தின் வாய்க்குத் திரும்பிப் போகிறது. நான் இப்போது இரண்டு பாட்டிலில் ஒன்றை இப்படித்தான் ஓட்டுகிறேன்.