நாலு மாசம்தான் இருந்தது

சிங்கப்பூருக்கு 4 நாள் போய்வர டிக்கெட் போட்டாயிற்று. விசாவுக்கு ஏஜென்ட்டிடம் கொடுத்தபோது பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "சார், இதுல நாலு மாசம்தானே இருக்கு?" என்றார். காலாவதியாகாத பாஸ்போர்ட்டில் என்ன குறை என்று நினைத்திருந்த எனக்கு, போய் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. கையில் மூன்று வாரம்.

அன்றிரவே தட்கலில், அதாவது அவசர முறையில், ரீஇஷ்யூவுக்கு (பழைய பாஸ்போர்ட்டுக்குப் பதில் புதியது) விண்ணப்பித்தேன். 36 பக்க பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய், தட்கலுக்கென்று மேலே 2,000. ஆதாரில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. நம் ஊர் இனிஷியல் தொல்லை பாஸ்போர்ட் அலுவலகத்திலும் வந்தது. பான் கார்டில் விரிவாக இருந்ததால் தப்பித்தேன். பழைய பாஸ்போர்ட்டின் மூலையை வெட்டித் திருப்பித் தந்தார்கள். ஐந்தாம் நாள் புதியது ஸ்பீடு போஸ்டில் வந்தது.

அப்புறம் டிக்கெட்டில் புது எண்ணை மாற்றிவிட்டு விசா போட்டேன். சிங்கப்பூருக்குள் நுழைய ஆன்லைனில் நிரப்ப வேண்டிய எஸ்ஜி அரைவல் கார்டு இலவசம்தான், போய்ச் சேருவதற்கு முந்தைய 3 நாளுக்குள் நிரப்பினால் போதும். அதற்கும் காசு கேட்கிற தளங்கள் இருக்கின்றன, நானே ஒன்றில் பாதி நிரப்பிவிட்டுத்தான் சுதாரித்தேன்.