பரம்பரைக் காய்ச்சலில் அட்ரினல் தளர்ந்தால் செய்ய வேண்டியவை

குடும்ப மத்தியதரைக்கடல் காய்ச்சலில் (காய்ச்சலும் வயிற்றுவலியும் திரும்பத் திரும்ப வரும் பரம்பரை நோய்) அழற்சி வருடக்கணக்கில் அடங்காவிட்டால், அமிலாய்டு என்ற கரையாத புரதம் சிறுநீரகத்தோடு அதன் மேலுள்ள அட்ரினல் சுரப்பியிலும் படியலாம், அது சுரக்கும் கார்ட்டிசால் ஹார்மோன் குறையும்.

வயிற்றுவலியும் வாந்தியும் இந்தக் காய்ச்சலுக்கும் கார்ட்டிசால் குறைபாட்டுக்கும் பொது. பலரும் தவறவிடுவது இங்கேதான். எழுந்து நின்றதும் தலைசுற்றல், உப்பு மீது ஏக்கம், ரத்தத்தில் சோடியம் குறைவு என்றால் "வழக்கமான காய்ச்சல்தான்" என்று விட்டுவிடாதீர்கள். காலை 8 மணிக்குப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுங்கள்: கார்ட்டிசால் டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் குறைபாடு ஏறக்குறைய உறுதி.

கார்ட்டிசாலுக்கு ஈடாக ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை எடுக்கும் பெரியவர்கள், காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அன்றைய அளவை இரட்டிப்பாக்க வேண்டும். 39ஐத் தாண்டினால் மும்மடங்கு. மாத்திரை வயிற்றில் தங்காவிட்டால் காத்திருக்கவே கூடாது: 100 மி.கி. ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியைத் தொடைத் தசையில் போட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். தூளாக வரும் குப்பியை முழுவதும் கரைத்த பிறகே சிரிஞ்சில் இழுக்க வேண்டும். வீட்டில் இருவராவது இதைப் பழகியிருக்கட்டும்.