இறுகிப்போன லோடர் சிலிண்டரைப் பிரிக்க கிரீஸ் கன் போதும்

பழைய டிராக்டர் லோடரின் ஹைட்ராலிக் சிலிண்டரில் பிஸ்டன் துருவேறி இறுகிவிட்டால், கம்ப்ரஸர் காற்றைக் கொடுக்காதீர்கள், கையால் அடிக்கும் கிரீஸ் கன்னை மாட்டுங்கள். அடிப்பக்க ஹோஸ் வாயில் கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் கன் மாட்டும் முனை) திருகும்படி ஓர் அடாப்டர் வேண்டும், லேத் பட்டறையில் போட்டுத் தருவார்கள். முதலில் மூடியைப் பிடித்திருக்கும் சர்க்ளிப் வளையத்தைக் கழற்றி, ராடு பக்க வாயைத் திறந்து வைத்து, உள்ளே காற்று நிற்காதபடி பழைய ஆயிலை நிரப்பிக்கொண்டு அப்புறம் பம்ப் அடியுங்கள்; ஆயில் இல்லாவிட்டால் கிரீஸ்தான் டப்பா டப்பாவாகப் போகும்.

2 அங்குல போர் (உள்விட்டம்) சிலிண்டரில் 100 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்டு அழுத்தம்) காற்று தள்ளுவது சுமார் 140 கிலோ விசைதான், கிரீஸ் கன்னில் 3000 பிஎஸ்ஐ வந்தாலே 4 டன்னைத் தாண்டும். அதைவிட முக்கியம், கிரீஸ் காற்றைப்போல அமுங்காது, பிஸ்டன் நூலளவு நகர்ந்ததும் அழுத்தம் இறங்கிவிடும். காற்று என்றால் பிடி விட்ட நொடியில் ராடு குண்டு மாதிரி பாயும், எதிரே நிற்பவர் கதி அதோகதி.

ராடு வளைந்திருந்தாலோ குழாய் நசுங்கியிருந்தாலோ இது வேண்டாம், உள்சுவர் கீறிவிடும். மூடி மரை போட்டதாக இருந்தால் அதை ஸ்பேனரால்தான் கழற்ற வேண்டும், கிரீஸ் அடித்துத் தள்ளினால் மரை பிய்ந்துவிடும். புது சீல் போடும் முன் கிரீஸை டீசல் விட்டு சுத்தமாகக் கழுவித் துடைத்துவிடுங்கள்.