1950கள்ல வந்த பட்ஜெட் இல்லா பேய் சயின்ஸ் ஃபிக்‌ஷன் படங்களை இப்போ எப்படி பார்க்கலாம்?

முதல்ல ஒண்ணு, பகல்ல மொபைலை நோண்டிக்கிட்டே பார்த்தா சிரிப்புதான் வரும், அதனால ராத்திரி லைட்டை அணைச்சுட்டு உட்காருங்க. நிறைய படம் 70, 80 நிமிஷம்தான், டபுள் ஃபீச்சரா, அதாவது அடுத்தடுத்து ரெண்டு படமா, கார்லயே உட்கார்ந்து பார்க்குற டிரைவ்-இன் தியேட்டர்ல ஓட்டுனது, நீங்களும் ரெண்டா பாருங்க.

ஆரம்பிக்க 1956ல வந்த இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்நாட்சர்ஸ் பெஸ்ட். மான்ஸ்டர் மேக்கப்பே கிடையாது, பக்கத்து வீட்டுக்காரன் திடீர்னு உணர்ச்சியே இல்லாம பேசுறதுதான் பயமே. ஒரு டிப்ஸ்: ஹீரோ ஹைவேல கார்களுக்கு நடுவுல நின்னு கத்துறாருல்ல, அங்கயே நிறுத்திடுங்க, டைரக்டர் டான் சீகல் முடிக்க நினைச்சது அங்கதான், முன்னாடியும் பின்னாடியும் வர்ற ஆஸ்பத்திரி சீன் ஸ்டூடியோ சொல்லி ஒட்டினது.

அடுத்து தி ப்ளாப், 1958, கலர். சிவப்பு சாயம் கலந்த சிலிகோன்தான் வில்லன், ஜெல்லி மாதிரி ஊர்ந்து வரும். ஸ்டீவ் மெக்வீன் 27 வயசுல ஸ்கூல் பையனா வர்றாரு, அதை கண்டுக்காதீங்க 😄

டைரக்டர் எட் வுட்டோட பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ் படத்தை மட்டும் தனியா பார்க்காதீங்க, நாலு ஃப்ரெண்ட்ஸ் வேணும். நடிகர் பேலா லுகோசி 1956லயே இறந்துட்டாரு, மிச்ச சீன்ல வேற ஆளு மூஞ்சிய துணியால மூடிக்கிட்டு நடப்பாரு, எப்ப ஆள் மாறுதுன்னு கண்டுபிடிக்கிறதே ஒரு கேம்.